பள்ளத்தை இறைக்க வேண்டாம்

ஆடி மாதத்தில் வாழை இலைக்குப் பெரிய கிராக்கி இருக்காது, பெலிண்டா மேடம். கல்யாணம் காட்சி கிடையாது. ஸ்ரீரங்கத்து ஹோட்டல்காரர்கள் வாங்குவது மட்டும்தான். அதனால் இன்றைக்குக் காலையில் இலை அறுக்காமல் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ஒரு வேலையும் கெடவில்லை.

நேற்று நீங்களும் வனத்துறை ஜெகபர் அலி சாரும் கரையில் நின்று பேசியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பள்ளத்துத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிடலாம் என்று முடிவு செய்தீர்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். கொள்ளிடத்து ஊற்று அது. இறைக்க இறைக்க ஊறும். அதோடு, நீங்கள் தேடுவது அதில் இல்லை. முதலையும் இல்லை, செந்தமிழனும் இல்லை. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

திருவானைக்காவலுக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி என் வாழைத்தோப்பு. என் அப்பா காலத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுக்க விட்டதில் நடுவில் ஒரு பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். நிழலும் தண்ணீரும் இருந்தால் யார் சும்மா விடுவார்கள்? ஊரில் சீட்டாடுகிறவன், குடிக்கிறவன், ஆடு கழுவுகிறவன் எல்லோருக்கும் அதுதான் இடம். அவர்களுக்கெல்லாம் தலைவன் செந்தமிழன். அவனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். என் தோப்பில் உட்கார்ந்து, என் மரத்து இலையை அறுத்து, அதில் கறி வைத்துச் சாப்பிடுவார்கள். நான் தயங்கித் தயங்கிப் போய் நின்றால் அவன் மற்றவர்களிடம் சொல்லுவான்.

"நீங்க தின்னுங்கடா. ரெங்கராஜ் ஒண்ணும் சொல்ல மாட்டான். அவன் வாழைப்பழம்டா. உரிச்சா உரிச்சபடி நிப்பான்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, மறுநாள் போய் பாட்டிலைப் பொறுக்குவேன். ஊர் முழுக்க அந்தப் பேர் நிலைத்துவிட்டது. என் மனைவி ரஞ்சனி தோப்புப் பக்கமே வருவதில்லை. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "நம்ம தோப்புக்கு நான் வரணும்னா, ஊரான் எந்திரிச்சுப் போற நேரம் பாத்து வரணும். அப்ப அது யாரு தோப்புங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

முந்தின வருஷம் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்ததே, அப்போது முதலை வந்தது. முதலில் அடித்துக்கொண்டு வந்த பனைமரத் துண்டு என்றுதான் நினைத்தேன். அது கண்ணைத் திறந்தது. எனக்குப் பயமே வரவில்லை, மேடம். நல்ல விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

ஜெகபர் அலி சார் அப்போதும் வந்தார். கூண்டு வைத்து உள்ளே கோழி கட்டினார். 'முதலை உள்ளது, இறங்காதீர்' என்று கரையில் பலகை நட்டார். முதலை கூண்டுக்குள் போகவே இல்லை. சார் ரொம்ப ஆச்சரியப்பட்டார். கூண்டு இருந்த வரைக்கும் நான் தினமும் விடியற்காலையில் கோழிக்கடைக் கழிவைக் கொண்டுபோய்க் கொட்டினேன். வயிறு நிறைந்த பிராணி கூண்டுக்குள் எதற்குப் போகும்? கடைசியில் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பலகை நின்றது.

அதற்கப்புறம் தோப்புக்குள் ஒரு ஆள் காலடி வைக்கவில்லை. தோப்பு எப்படி இருந்தது தெரியுமா? இலையில் பனி சொட்டுவது கேட்கும். காந்தி மார்க்கெட்டுக்கு இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு போனால், "முதலைக்காரர் வர்றாரு, வழி விடுங்கப்பா" என்று சுமைதூக்குகிறவர்கள் ஒதுங்குவார்கள். டீக்கடையில் எனக்கு முதல் டீ. நான் பேசினால் கேட்டார்கள். "அது உங்களை ஒண்ணும் பண்ணாதாண்ணே?" என்பார்கள். "நான் சொன்னா கேக்கும்" என்பேன். பொய்தான். ஆனால் யாருக்கும் அதனால் நஷ்டமில்லை.

ரஞ்சனி தோப்புக்கு வர ஆரம்பித்தாள். கரையில் தள்ளி உட்கார்ந்து, "நம்ம ஆளு வெயில் காயுது பாருங்க" என்று காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்தால் தலையும் குடலும் அவள் கையாலேயே கொண்டுபோய் வைப்பாள். மறுநாள் காலி இடத்தைப் பார்த்துவிட்டு வந்து சந்தோஷமாகச் சொல்லுவாள். இத்தனை வருஷத்தில் நான் கொடுக்க முடியாத ஒன்றை அது அவளுக்குக் கொடுத்தது. பயமில்லாமல் உட்கார ஒரு இடம்.

போன ஐப்பசி மழையில் ஆறும் தோப்பும் ஒன்றாகிவிட்டன. தண்ணீர் வடிந்த பிறகு முதலையைக் காணோம். வந்த வழியே போய்விட்டது.

அந்த நாட்களை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை, மேடம். சாப்பாடு இறங்காது. தோப்பில் ஒரு சருகு உடைந்தால் செந்தமிழன் கூட்டம் வந்துவிட்டதோ என்று ஓடுவேன். டீக்கடையில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தானோ என்று இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் பள்ளத்தைப் போய்ப் பார்க்கத் தோன்றும். ரஞ்சனி வைத்த குடலைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது. அவள் வருவதற்குள் அதை அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தேன். அவள் வந்து பார்த்து, "சாப்பிட்டுருச்சு" என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு வழி ஏது?

அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடியுமுன் போய் எடுத்துவிடுவேன். ஒருதரம் நான் திரும்பி வந்தபோது, "என்னங்க உங்க கையில கோழி வாடை அடிக்குது" என்றாள். எரு அள்ளினேன் என்றேன். அவள் சோப்பை எடுத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் குடலை வெறுமனே கொட்டமாட்டாள். வாழை இலையில் மடித்து நார் போட்டுக் கட்டித்தான் வைப்பாள். முதலைக்கு மண் ஒட்டாமல் இருக்கட்டும் என்றாள். எடுக்கிற எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அவளுக்கு அவ்வளவு அக்கறை அதன் மேல்.

பலகைக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்தேன். தார் வெட்டின வாழை மரத்தை எப்படியும் சாய்த்தாக வேண்டும். அதில் கனமான துண்டைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் இழுத்தால், முதலை வயிறு உரசின தடம் மாதிரியே விழும். ரெண்டு பக்கமும் களைக்கொத்தியால் நகம் வைப்பேன். ஆரம்பத்தில் சுமாராக இருந்தது. போகப் போக நன்றாக வந்தது.

ஆனாலும் ஜனங்களுக்குச் சந்தேகம் வரும் அல்லவா? ஒரு முதலை இத்தனை காலம் ஒன்றையும் பிடிக்காமல் இருக்குமா? சித்திரையில், ஊரில் ஆடு மேய்க்கிற மூக்கனுடைய ஆடு ஒன்று வேலி தாண்டி வந்தது. கயிற்றை மட்டும் கரையில் போட்டுவைத்தேன். மூக்கன் வந்து கயிற்றைப் பார்த்து அழுதான். ஊரே வந்து தூர நின்று பார்த்தது. ஆட்டை நான் வீணாக்கவில்லை. குழியில் போட்டு மேலே பூவன் கன்று ஒன்றை வைத்தேன். அந்த வரிசையிலேயே செழிப்பான கன்று அதுதான்.

இப்போது செந்தமிழன் விஷயம்.

பதினெட்டாம் பெருக்குக்கு முதல்நாள், உச்சி வெயிலில் அவன் தனியாக வந்தான். வெள்ளை வேட்டி. ஒரு கையில் வெற்றிலை பாக்கு, இன்னொரு கையில் அரிவாள். நான் மரங்களுக்கு முட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். ஆடிக் காற்றுக்குத் தார் போட்ட மரம் சாயும். கவை உள்ள சவுக்குக் கழியைக் கொடுத்து நிறுத்த வேண்டும்.

"மாப்ள, வெத்தலைய எடுத்துக்க. நாளைக்கு நீயும் தங்கச்சியும் வந்து எம் பொண்ணுக்கு அட்சதை போடணும்" என்றான்.

அவன் மகள் தமிழரசிக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆனது. ஆடிக்கு அழைத்து வந்திருந்தார்கள். பெருக்கன்று கல்யாண மாலையைத் தண்ணீரில் விட வேண்டும். கொள்ளிடத்தில் மணல்தான் கிடக்கிறது. காவிரியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது.

"பொண்ணு உண்டாயிருக்கா மாப்ள. அந்தக் கூட்டத்துல இடி வாங்க வைக்க முடியாது. உன் பள்ளத்துல விட்டுக்கறோம். கரையை நானே செதுக்கி வுட்டுர்றேன்."

"முதலை இருக்கே" என்றேன்.

அவன் சிரித்தான். முன்பு சிரித்த மாதிரி இல்லை. மெதுவாகச் சிரித்தான்.

"எங்கிட்டயேவா? அது போயி மாசக்கணக்கா ஆச்சுடா. நீ வாழைமரத்தை இழுத்துக்கிட்டு அலையறதை மாசியிலயே பாத்துட்டேன். தண்ணிக்குள்ள போற தடமாவே போட்டு வச்சிருக்கியே, அது வெளிய வரவே வராதா?"

நான் அடுத்த முட்டுக்கழியை எடுத்தேன்.

"பயப்படாத. யார்கிட்டயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். அந்தக் காலத்துல உன்னை ரொம்ப ஓட்டிட்டேன். பாவம், உனக்கும் ஒரு மரியாதை வேண்டியிருக்குல்ல. வச்சுக்க. எனக்கு நாளைக்கு ஒரு நாள் போதும்."

அவன் சத்தியம் செய்தால் காப்பாற்றுகிறவன்தான், மேடம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மாசியிலிருந்து அவனுக்குத் தெரியும். டீக்கடையில் எனக்கு முதல் டீ வந்தபோதெல்லாம் அவனும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வழி விட்டபோதெல்லாம் அவனும் ஒதுங்கியிருக்கிறான். எல்லாம் எனக்கு அவன் போட்ட பிச்சை என்று ஆகிறது. அப்புறம் ஒரு கர்ப்பிணிப் பெண் பள்ளத்தில் இறங்கி மாலை விட்டு நல்லபடியாகக் கரையேறினால், அதற்கடுத்த நாள் எத்தனை பேர் இறங்குவார்கள்?

அவன் அரிவாளைக் கரையில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். மகள் நிற்கப்போகிற இடத்தில் ஆழம் எவ்வளவு என்று பார்க்க இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பலகையைப் பார்த்துக் கும்பிட்டு, "முதலையாரே, உத்தரவு குடுங்க" என்றான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

நான் அவனை அடிக்கவில்லை. அடிப்பது என் சுபாவம் கிடையாது. கையில் முட்டுக்கழி இருந்தது. கவையை அவன் பிடரியில் வைத்துச் சாய்ந்துகொண்டேன். தார் போட்ட மரத்தைத் தாங்கிப் பிடிப்பதற்கும் இதற்கும் கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஆட்டம் இருந்தது. அப்புறம் காற்று நின்ற மாதிரி நின்றுவிட்டது.

கன்று வைக்கக் குழிகள் வெட்டி வைத்திருந்தேன். ஒன்றை ஆழப்படுத்தினேன். மரத்துண்டை இழுத்துத் தடம் போட்டேன். இந்தத் தடவை அவன் சொன்ன குறையைச் சரிசெய்து, வெளியே வருகிற தடமும் போட்டேன். ஒரு செருப்பையும் அரிவாளையும் கரையில் விட்டேன். பிறகு ரோட்டுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். நான் அவ்வளவு சத்தமாகக் கத்தினது அதுதான் முதல் தடவை. ஊரே ஓடிவந்தது.

நேற்று தமிழரசி கரையில் உட்கார்ந்திருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். காய்ந்துபோன கல்யாண மாலை மடியில் இருந்தது. நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "மாமா, எங்கப்பா கை ஒண்ணாவது கெடைக்குமா? கொள்ளி வைக்கணும்ல" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதைக் கேட்டுத்தானே நீங்களும் இறைக்கலாம் என்று முடிவு செய்தீர்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் வந்தேன். முழுசாகவே கொடுத்துவிடுகிறேன்.

மூக்கன் ஆட்டுக்கு வைத்த கன்றுக்கு அடுத்த கன்று. குருத்து இன்னும் விரியவில்லை, பார்த்தாலே தெரியும். பதமாகத் தோண்டச் சொல்லுங்கள், பக்கத்துக் கிழங்கு அடிபடக் கூடாது. ரெங்கராஜ் ஆகிய நான்தான் செந்தமிழனைக் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

பதிலுக்கு நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பள்ளத்தை இறைக்க வேண்டாம். பலகையைப் பிடுங்க வேண்டாம். கோர்ட்டில் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஊரில் மட்டும் முதலை அங்கேயே இருக்கிறது என்று இருக்கட்டும். ரஞ்சனி இனிமேல் அங்கே தனி. அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இலையில் கட்டிக் கொண்டுபோய் வைப்பாள். திங்கட்கிழமை விடியுமுன் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி அதை எடுத்துவிடச் சொல்லுங்கள், மேடம். அப்படியே கிடந்தால் முதலை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.