எண்பத்தைந்தும் பதினாறும்

லோஷினி: “இந்தக் கேமரா கம்பெனி மூடிட்டா நீ என்னாம்மா செய்வே?”ன்னு போன வருசம் ஒருத்தன் என்கிட்ட கேட்டான், ஞாபகம் இருக்காண்ணே? சிகாமட் கல்யாணத்துல. அந்த வீடியோக்காரன்.

செபஸ்தியன்: எவன்? ட்ரோனைக் கொண்டு போய் மண்டபத்து வாழைமரத்துல சொருகினானே, அவனா?

லோஷினி: அவனேதான்.

செபஸ்தியன்: அவன் கேக்குறதெல்லாம் ஒரு கேள்வியா? நீ என்னா சொன்னே?

லோஷினி: என்னை எங்க சொல்ல விட்டீங்க? நடுவுல பூந்து நீங்க லெக்சர் அடிச்சதுல பந்தியில ரசமே தீந்துபோச்சு. நான் வெறும் தயிர் ஊத்திச் சாப்பிட்டேன்.

செபஸ்தியன்: உண்மையைத்தானே சொன்னேன். ஹோரின் எண்பது வருசத்துக் கம்பெனி. நெனச்சா மூட்டை கட்டிட்டுப் போறதுக்கு அது என்னா ராத்திரிச் சந்தை, பாசார் மாலாம் கடையா?

லோஷினி: சரிண்ணே... எண்பத்தஞ்சு லென்ஸைக் கொடுங்க. நான் கிளம்பணும்.

செபஸ்தியன்: இரு லா. டீ, தே தாரிக் இப்பதான் சொல்லிருக்கேன்.

லோஷினி: எனக்கு வேணாம்.

செபஸ்தியன்: ஆறு வருசமா மாசத்து முதல் சனிக்கிழமை, இதே லாபிஸ், ஸ்டேசனுக்கு எதிர்ல இதே கடை. ஒரு நாளாவது தே தாரிக் வேணாம்னு சொல்லிருக்கியா? ஒடம்பு சரியில்லையா?

லோஷினி: ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

செபஸ்தியன்: அப்ப முறைப்படி மாத்து. எண்பத்தஞ்சு உன் கைக்கு, பதினாறு என் கைக்கு. எங்க என் பதினாறு?

லோஷினி: அது... வீட்டுல மறந்துட்டேன்.

செபஸ்தியன்: மறந்துட்டியா?

லோஷினி: ஆமாண்ணே, மறந்துட்டேன். மனுசின்னா மறக்கமாட்டாளா?

செபஸ்தியன்: ரெண்டு லென்ஸும் ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கினது. உன் மாமியார் செத்த மாசம்கூட கருமாதிக்கு மறுநாள் கொண்டாந்து கொடுத்தவ நீ... சரி, அந்த நாற்காலியில இவ்ளோ பெரிய பை உக்காந்திருக்கே, அதுல என்னா?

லோஷினி: பிள்ளைக்கு பேம்பர்ஸ்.

செபஸ்தியன்: உன் மகன் ஸ்டாண்டர்ட் டூ படிக்கிறான்.

லோஷினி: ...மச்சினி பிள்ளைக்கு. கை கழுவிட்டு வரேண்ணே. பையைத் தொடாதீங்க.

செபஸ்தியன்: பேம்பர்ஸை நான் ஏம்மா தொடுறேன்?

*

திரு: வாங்கிட்டியா இல்லியா? வேன்ல ஏர்கோன் வேலை செய்யல லோஷி, நான் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கேன்.

லோஷினி: மெதுவா பேசு. போன்ல கத்தாதே. அவர் கொடுக்கமாட்டேங்கிறாரு.

திரு: நாலு மணிக்கு யோங் பெங் டோல்ல கேமரா செட்டை வாங்க வர அந்த அட்ரியன் நிப்பான். “எண்பத்தஞ்சு இல்லாட்டி செட்டே வேணாம்”னு தெளிவா எழுதிட்டான்.

லோஷினி: தெரியும்.

திரு: அப்ப அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடேன். கழுத்தையா அறுக்கப்போறாரு?

லோஷினி: எப்பிடிச் சொல்ல? “ஹோரினை விட்டுட்டு ஊரே வெச்சிருக்கிற கேமராவுக்கு நானும் போறேண்ணே, போற வழியில உங்க பாதி லென்ஸையும் வித்துட்டேன்”னா? முதல்ல வித்துருவோம். அவர் பங்கைக் கொண்டு போய் கையில கொடுத்து, அப்ப சொல்லிக்கலாம்.

திரு: நாயித்துக்கிழமை கல்யாணம், லென்ஸ் வேணும்னு சொல்லு.

லோஷினி: அதைத்தான் சொல்லப்போறேன். எங்க கல்யாணம்னு கேப்பாரே?

திரு: பெக்கான் நானாஸ்.

லோஷினி: அங்கதான் அவர் மாமியார் வீடு! அந்த ஊர்ல ஒரு பந்தக்கால் நட்டாலும் அவருக்குத் தெரியும்.

திரு: அப்ப சாஆ.

லோஷினி: சாஆ நம்ம ஊருடா!

திரு: என்னா எழவோ சொல்லு. இந்த மாதிரி ஆள் இனிமே கெடைக்கமாட்டான். சந்தை விலைக்கு மேல கொடுக்கிறான். சிங்கப்பூர்ல வேலையாம். முத்தின மடையன்.

லோஷினி: சரி, சரி... அவர் பாக்குறாரு. வெச்சிடுறேன்.

*

செபஸ்தியன்: யாரு, உன் வீட்டுக்காரன் திருவா? வேன்லயே உக்காந்திருக்கான் ஏன்? வரச் சொல்லு.

லோஷினி: அவருக்கு இந்த வெயில் பிடிக்கும்.

செபஸ்தியன்: வெயில் பிடிக்குமா!

லோஷினி: அண்ணே, நாயித்துக்கிழமை எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு. எண்பத்தஞ்சு இல்லாம முடியாது. கொடுங்க, போறேன்.

செபஸ்தியன்: எங்க?

லோஷினி: குளுவாங்.

செபஸ்தியன்: பொண்ணு பேரு?

லோஷினி: பிரவீனா.

செபஸ்தியன்: மாப்பிள்ளை?

லோஷினி: ஜீ... ஜீவன்.

செபஸ்தியன்: எந்த மண்டபம்?

லோஷினி: அண்ணே, போலீஸ் ரிப்போர்ட்டா எழுதுறீங்க?

செபஸ்தியன்: மொய் வெக்கலாம்னு கேட்டேன். கோவிச்சுக்கிறே.

லோஷினி: கோவம் வராம? ஒரு லென்ஸ் வாங்க முக்கா மணி நேரம்! சரி, நீங்க கேட்டீங்கள்ல, நானும் ஒண்ணு கேக்குறேன். ஹோரின் கடைசியா புது கேமரா விட்டு எவ்ளோ நாளாச்சு?

செபஸ்தியன்: மூணு வருசம். நிதானமா செய்றாங்க.

லோஷினி: கேமரா பிரிவையே எவன்கிட்டயோ விக்கப்போறாங்கன்னு பேசிக்கிறாங்க.

செபஸ்தியன்: பேசுறவன் பேசட்டும்.

லோஷினி: கோலாலம்பூர் ஆபீஸுக்கு போன் அடிச்சா எடுக்க ஆள் இல்ல.

செபஸ்தியன்: சாப்பிடப் போயிருப்பாங்க.

லோஷினி: மூணு வாரமாவாண்ணே சாப்பிடுவாங்க?

செபஸ்தியன்: தம்பி, தே தாரிக் எங்கப்பா?

லோஷினி: வாசுகி ஹோரினை விட்டுட்டுப் போயிட்டா. தங்காக் பசங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. இந்த ஜொகூர்ல ஹோரினைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியிறது நீங்களும் நானும்தான். போன மாசம் ஒரு கல்யாணப் பொண்ணோட அப்பா, “என்னாம்மா கேமரா இது, ஆன்லைன்ல, ஷாப்பீல மலிவா வாங்கினதா?”ன்னு கேக்குறாரு!

செபஸ்தியன்: படத்தைப் பார்த்துட்டு என்னா சொன்னாரு?

லோஷினி: ...அழுதாரு.

செபஸ்தியன்: ஏன்?

லோஷினி: ஏன்னு உங்களுக்குத் தெரியாதா? மக கறுப்பு. அந்தக் கறுப்பு அப்படியே மினுமினுன்னு, நெத்தியில மஞ்சள் மஞ்சளாவே, குங்குமம் குங்குமமாவே இருந்துச்சு. “என் பொண்ணை எவனும் இப்பிடி எடுத்ததில்ல, எல்லாரும் மாவு பூசிருவானுங்க”ன்னாரு.

செபஸ்தியன்: வேற கேமராவுல அது வருமா?

லோஷினி: எங்க வருது? அன்னிக்கு எடுத்துப் பார்த்தேன், மூஞ்சி சாம்பல் பூசின மாதிரி. கம்ப்யூட்டர்ல ராத்திரி பகலா உக்காந்து திருத்தினாலும்...

செபஸ்தியன்: என்னைக்கு எடுத்துப் பார்த்தே?

லோஷினி: ...கடையில. சும்மா. கண்ணாடிப் பெட்டியில இருந்துச்சு, எடுத்துப் பார்த்தேன்.

செபஸ்தியன்: ஓ.

லோஷினி: என்னா “ஓ”?

செபஸ்தியன்: ஒண்ணுமில்ல. இந்தா, எண்பத்தஞ்சு. மூடி கொஞ்சம் லூசா இருக்கு, பத்திரம்.

லோஷினி: அலமாக்... இதை அப்பவே கொடுத்திருக்கலாம்ல?

செபஸ்தியன்: வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?

லோஷினி: இல்லண்ணே.

செபஸ்தியன்: ஒண்ணுமே இல்லியா?

லோஷினி: இல்லன்னு சொல்றேன்ல! ...இருங்க, இந்த மனுசன் வேற. ஹலோ, என்னா? ஆமா, வாங்கிட்டேன். அவங்ககிட்ட சொல்லிடு.

திரு: இந்தா, இப்பவே அனுப்பிட்டேன்: “லென்ஸ் கைக்கு வந்திருச்சு.” ரெண்டு டிக் விழுந்திருச்சு. வா சீக்கிரம்.

செபஸ்தியன்: ஒரு நிமிசம்மா... எனக்கு ஏதோ மெசேஜ். ம்ம். சரி... லென்ஸ் கைக்கு வந்திருச்சுல்ல? சந்தோசமா? கிளம்பு. வேன்ல அந்தப் பையன் வெந்துருவான்.

லோஷினி: உங்களை என்னா செய்றதுன்னே தெரியலண்ணே!

செபஸ்தியன்: நான் என்னா செஞ்சேன்?

லோஷினி: இவ்ளோ நேரம் கொடுக்காம உசிரை வாங்குனீங்க. இப்ப பார்த்துப் போன்னு அனுப்புறீங்க. எப்பிடிப் போறது? குளுவாங்ல கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல. பிரவீனா என் பல் டாக்டர். ஜீவன் யாருன்னு எனக்கே தெரியாது.

செபஸ்தியன்: ம்ம்.

லோஷினி: நான் விக்கப்போறேண்ணே. மொத்தமா. கேமரா பாடி, பிளாஷ், எல்லாம் இந்தப் பையிலதான் இருக்கு. பதினாறும் இதுலதான் இருக்கு. மறக்கல. ஒரு மடையன் அதிக விலை சொல்லிருக்கான், நாலு மணிக்கு வரான்.

செபஸ்தியன்: மடையனா?

லோஷினி: பின்ன? சாகப்போற கம்பெனி சாமானுக்கு அவ்ளோ கொடுக்கிறவன் புத்திசாலியா? உங்க பங்கைக் கொடுத்துட்டுத்தான் சொல்லணும்னு இருந்தேன். திருடணும்னு இல்ல. சத்தியமா இல்ல. இப்ப திட்டுங்க.

செபஸ்தியன்: வித்துடு.

லோஷினி: என்னாது?

செபஸ்தியன்: வித்துடும்மா. நல்ல விலைன்னா வித்துடு. எண்பத்தஞ்சையும் சேர்த்துக் கொடு. என் பாதி எனக்கு வேணாம்.

லோஷினி: எண்பது வருசக் கம்பெனி? பாசார் மாலாம் கடையா அது?

செபஸ்தியன்: பாசார் மாலாம் கடைக்காரனாவது அடுத்த வாரம் திரும்ப வருவான்.

லோஷினி: அண்ணே...

செபஸ்தியன்: ரிப்பேர் செய்ற ஜெயபாலன் ஜனவரியிலேயே சொல்லிட்டாரு. பார்ட்ஸ் இனிமே வராது. இருக்கிறது தீந்தா அவ்ளோதான். என்னோட ரெண்டாவது கேமரா பாடி பொங்கலுக்கு முன்னாலேயே செத்துப்போச்சு. அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். உங்க அண்ணி டொரத்திக்குக்கூடத் தெரியாது.

லோஷினி: ஜனவரியிலயா? இப்ப ஆகஸ்டுண்ணே!

செபஸ்தியன்: ஆமா.

லோஷினி: மே மாசம் நான் பிளாஷ் வாங்குறப்ப, “தைரியமா வாங்கு, பத்து வருசம் ஓடும்”னு சொன்னீங்களே!

செபஸ்தியன்: சொன்னேன்.

லோஷினி: ஏண்ணே? என்னை என்னான்னு நெனச்சீங்க?

செபஸ்தியன்: நீயும் போயிட்டா முதல் சனிக்கிழமை நான் யார்கூட மாத்துறது? ...அந்தக் கிறுக்குதான். வேற ஒண்ணுமில்ல. தப்புதான். போ. உன் தொழில் உனக்கு முக்கியம். நீ எடுத்துப் பார்த்த அந்தப் புது கேமராவுல முதல்ல சாம்பலாத்தான் வரும். கொஞ்ச நாள் போனா கை பழகிடும். பழகலன்னாலும் கல்யாண வீட்டுக்காரன் எவன் உத்துப் பாக்குறான்? ...என்னாம்மா பையில தேடுறே? ...பேம்பர்ஸா? ...லோஷி, இது எதுக்கு? இதை ஏன் இங்க வெக்கிறே? ...ஏய், நான் சொல்றதைக் கேளு, டோல்ல ஆள் காத்திருப்பான்ல... லோஷி! ...தே தாரிக்கையாவது குடிச்சிட்டு... லோஷி!

*

பாபு: அப்பா, யோங் பெங் டோல்ல நிக்கிறேன். உங்க லோஷினி அக்கா எப்ப வருவாங்க? “லென்ஸ் கைக்கு வந்திருச்சு”ன்னு வந்த மெசேஜை உங்களுக்கு அனுப்பி எவ்ளோ நேரமாச்சு? எனக்குக் கால் வலிக்குது.

செபஸ்தியன்: வரமாட்டா. நீ வீட்டுக்கு வா.

பாபு: என்னாப்பா இது? இதுக்குத்தான் சிங்கப்பூர்லேருந்து லீவு போட்டுட்டு வந்தேனா? நாந்தான் அட்ரியன்னு கண்டுபிடிச்சிட்டாங்களா?

செபஸ்தியன்: எங்கேருந்து கண்டுபிடிப்பா? உன் ஞானஸ்நானப் பேரு எனக்கும் உங்கம்மாவுக்கும் கோவில் ஃபாதருக்கும்தான் தெரியும். இந்த ஊருக்கு நீ பாபுதான்.

பாபு: அப்புறம்? அவங்க ஆன்லைன்ல போட்ட விளம்பரத்தைக் காட்டி, “எண்பத்தஞ்சு இல்லாட்டி வேணாம்”னு எழுதுனா, லென்ஸைக் கேக்க வரப்ப உண்மையைச் சொல்லிருவாங்கன்னீங்க. சொன்னாங்களா இல்லியா?

செபஸ்தியன்: சொன்னாடா. வாயில லென்ஸைத் திணிக்காத குறையா கொடுத்து அனுப்பினப்புறம் சொன்னா.

பாபு: அப்ப வாங்கிருக்கலாம்ல? “என் பேச்சைக் கேட்டு வாங்கினவ, ஒரு வெள்ளி காசுகூட நட்டப்படக்கூடாது”ன்னு என் மண்டையை உடைச்சீங்களே!

செபஸ்தியன்: இனிமே வேணாம். “மன்னிக்கணும், மனசு மாறிட்டேன்”னு அந்த அட்ரியன் மடையன் பேர்ல ஒரு மெசேஜ் போட்டுடு.

பாபு: யாரு மடையன்?

செபஸ்தியன்: நாந்தான். போடு.

பாபு: சரி, விக்கலன்னு அவங்களே சொன்னாங்களா? கோவமா போனாங்களா, சமாதானமா போனாங்களா? என்னாதான் சொன்னாங்க?

செபஸ்தியன்: பையைத் திறந்து பதினாறை எடுத்து என் கிளாஸ் பக்கத்துல வெச்சா, எண்பத்தஞ்சை எடுத்து உள்ள போட்டுக்கிட்டா, எழுந்து போயிட்டா... லென்ஸ் மாத்துற முதல் சனிக்கிழமை இல்லியாடா இன்னிக்கு.