மாடியில் வைத்த பாட்டில்

மீன் கெடாமல் ஐஸ் வைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் விஜிலா அக்கா என்னை நம்பினார்.

அவர் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்க்கிறார். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களின் சிறுநீரில் சில புரதங்கள் மாறியிருக்குமாம். மாறியிருந்தால், மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் மெஷின் தருவார்கள்.

என் அப்பாவின் பெயர் சிலுவை; விசைப்படகு ஓட்டுகிறவர். குறட்டை திடீரென்று நிற்கும், மூச்சும் நிற்கும். நான் இரவெல்லாம் விழித்திருந்து புரட்டி ஒருக்களித்துப் படுக்கவைப்பேன். அம்மா இறந்தபின் அதற்காகவே பத்தாம் வகுப்போடு நின்றேன். எல்லோரும் பாவம் என்றார்கள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எனக்குக் குரல் வராது, நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

“ஏளா ஆக்னஸ், மெஷின் வந்துட்டுன்னா நீ பள்ளிக்கூடம் போயிரலாம்” என்றார் அப்பா, சந்தோஷமாக.

கடலுக்குப் போகாத ஞாயிறு, அப்பா எழுந்ததும் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துத் தருவார். மதியம் அக்கா வரும்வரை அது ஐஸில் இருக்க வேண்டும். சூடு பட்டால் புரதம் சிதைந்துவிடும். அப்பா பூசைக்குப் போனதும் மாடி வெயிலில் வைத்தேன். அவர் திரும்புமுன் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மூன்று ஞாயிறு.

“மூணும் கெட்டுப்போச்சாம். கடக்கரைக்காரி வச்ச ஐஸுல குத்தம் சொல்ல முடியுமாளா? எங்க லேப்லதான் கோளாறு” என்றார் அக்கா. நான் தலை குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்.

போன மாதம் அப்பா சுக்கானைப் பிடித்தபடியே தூங்கி, எங்கள் ஊர் ஜாபேஸ் மாமாவின் சிறிய வள்ளத்தின்மேல் படகை ஏற்றிவிட்டார். மாமா இறந்துவிட்டார். “நான் தூங்கலளா. கண்ண மூடித் தொறந்தேன், அவ்வளவுதான்” என்று அப்பா தினமும் சொல்கிறார். ஜாமீனில் வந்ததிலிருந்து வாசல் தாண்டுவதில்லை. நானும்தான்.

மாமாவைக் கொன்றது அப்பா இல்லை, நான். இந்த நோட்டில் எழுதிவிட்டேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன்.

அக்கா மனம் கேட்காமல் இன்னொரு பாட்டில் தந்திருக்கிறார். இன்று ஞாயிறு. காலையில் பிடித்துக் கொடுத்துவிட்டு அப்பா மறுபடியும் தூங்குகிறார். மாடியில் நல்ல வெயில். காய்ந்த துணியை எடுக்கத்தான் போகிறேன். பாட்டிலை இங்கே விட்டுப்போனால் யாராவது தட்டிவிடக்கூடும்; அதனால் கையோடு எடுத்துப்போகிறேன்.