பக்கத்து சீட்டையும் சேர்த்து

– வேணவே வேணாம் டிரைவரே! என் கடைய ஊரு விட்டு ஊரு மாத்துறேன். ஆறு தையல் மிஷினு, கட்டிங் டேபிளு, துணி மூட்டை... அத்தனையும் உங்க அரை டன் வண்டியில ஏத்துனா வண்டிக்குத் தையலே விட்டுடும்! எதிர் ஷெட்டுல ஒரு டன் வண்டி நிக்குது. அதையே பேசிக்கிறேன்.

– ஐயையோ டெய்லரம்மா, அவசரப்படாதீங்க! அரை டன்னுங்கறது சும்மா பேருங்க. சின்னது, நடு சைஸு, பெருசுன்னு பிரிக்க எந்தக் காலத்துலயோ வெச்சது. எவ்வளவு தாங்கும்னு கதவோரத் தகடுல இருக்கு, படிங்க.

– ரெண்டாயிரம் கிலோ... அடேங்கப்பா!

– அது வண்டியோட சொந்த எடையும் சேர்த்துங்க. அதைக் கழிச்சா அறுநூத்தம்பது. அவ்ளோதான் ஏத்தலாம்.

– அது போதுமே! சாமான்தானே போகுது, நான் பஸ்ஸுலதான வர்றேன்.

– கணக்கு கணக்குதாங்க. உள்ள உக்காருற ஆளுங்க எடையும் அதுலதான் சேரும். நேத்து கடையில சாமானைப் பாத்தப்பவே தாள்ல எழுதிட்டேன். ஒரு கிலோகூட மிச்சமில்லாம நிக்குது.

– குடுங்க பாப்போம். மிஷினு இருநூத்தி நாப்பது. டேபிள் எழுபது. துணி நூத்தித் தொண்ணூறு. நீங்க எழுபத்திரண்டு... ம், உடம்புக்கு ஒண்ணும் கொறைச்சலில்ல! இதென்ன, ‘பெட்டி, இருபது’? என்கிட்ட பெட்டியே இல்லையே.

– அது... என்னுதுங்க.

– சாமான இறக்கிட்டு அன்னைக்கே திரும்புற ஆளுக்கு எதுக்குய்யா இருபது கிலோ பெட்டி?

– திரும்புறேன்னு யாருங்க சொன்னா? அந்த ஊர்ல எனக்கு லோடு கிடைக்காமலா போகும்? நாலு வருஷமா உங்க மூட்டைன்னா மட்டும் கொட்டுற மழையிலயும் ஓடி வர்றேன். ஷெட்டுல எல்லாருக்கும் புரிஞ்சுது, உங்களுக்கு மட்டும் புரியல.

– அட கடவுளே! சிரிப்புதான் வருது... இருங்க, இன்னொரு வரி இருக்கே. ‘பக்கத்து சீட்டு, அம்பத்தெட்டு.’ இது யாரு?

– நீங்கதாங்க. கண்ணளவுல போட்டேன். பஸ்ஸுலதான் போவேன்னா இப்பவே சொல்லிடுங்க. அந்த வரிய அடிச்சுட்டு என் பெட்டியையும் இறக்கிடறேன்.

– பேனாவ இப்படிக் குடுங்க.

– அடிக்கவா டெய்லரம்மா?

– திருத்த! நான் அறுபத்தி நாலு. உங்க பெட்டியில ஆறு கிலோ குறைங்க.