உயிரோடிருப்பவர்களை நான் சிபாரிசு செய்வதில்லை

எனக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். மற்ற எழுத்தாளர்களைப் போலக் கூரையைப் பார்த்துக் கன்னத்தைச் சொறிகிற வழக்கம் எனக்கில்லை. எங்கள் மொந்தேவிதேயோ நகரத்தில் வசந்தம் பிறந்தால் மிர்த்தாவின் புத்தகக் கடையில் இந்தக் கூத்து நடக்கும். ஊரில் எழுதுகிற ஒவ்வொருவனும் தான் உயிராக நேசிக்கும் புத்தகத்தைச் சொல்ல வேண்டும். அவள் அதில் மஞ்சள் காகிதப் பட்டை சுற்றி, சொன்னவன் பெயரை எழுதி, கண்ணாடிக்குப் பின்னால் வைப்பாள். வாசகர்கள் என்கிற ஆட்டு மந்தை பட்டையைப் பார்த்து வாங்கும்.

சொல்கிறவர்களின் யோக்கியதை உங்களுக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டர். ஒருவர் தன் மச்சானின் கவிதைகளைச் சொல்வார். இன்னொருத்தி பரிசுக் குழுத் தலைவரின் நாவலைச் சொல்வாள், அட்டையைத் தாண்டியிருக்க மாட்டாள். நான் இறந்தவர்களை மட்டுமே சிபாரிசு செய்வேன். செத்தவன் பதிலுக்கு ஒன்றும் கேட்கமாட்டான், அடுத்த புத்தகத்தில் சொதப்பவும் மாட்டான். அதனால்தான் என் பட்டைக்கு இந்த ஊரில் மதிப்பு.

அபரீசியோவுக்கு இது புரியவில்லை. பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டு, பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதிவந்த என் பழைய நண்பன். போன குளிர்காலத்தில் அவனுடைய முதல் நாவல் வந்தது. ஒரு பிரதியை என் கையில் திணித்தான்.

“ஒரே ஒரு பட்டை போடுடா. உன் பேரு இருந்தா வித்துடும். இல்லேன்னா எல்லாத்தையும் எடைக்குப் போட்டுருவேன்னு பதிப்பாளர் சொல்றார்.”

“நீ உயிரோட இருக்கியே, நான் என்ன பண்ண?”

“அதுக்காக நான் சாகவாடா முடியும்?” என்று சிரித்தான்.

மதியம் அதைப் படிக்க உட்கார்ந்தேன், எழுந்தபோது வீடு இருட்டியிருந்தது. அடுப்பில் வைத்த கெண்டி தண்ணீர் வற்றிக் கருகிக் கிடந்தது. நல்ல புத்தகம். மிக நல்ல புத்தகம். ஒரு பூகோள வாத்தியாருக்கு அது எப்படிக் கைவந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பல நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இலக்கியத்தின் மேலுள்ள அக்கறைதான், வேறென்ன.

அப்படி ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்யாமல் விடுவது பாவம். கொள்கையை விடுவது அதைவிடப் பாவம். நேர்மையான மனிதனுக்கு வேறு வழி ஏது?

ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். சுரைக்குடுவையில், தேநீர் போல நாம் குடிக்கிற மாத்தே இலையைப் போட்டேன். தோட்டத்து எறும்புகளுக்கு வைக்கும் மருந்தையும் போட்டு வெந்நீர் ஊற்றினேன். ஊற்றிக் கொடுக்கிறவன்தான் முதல் குடுவையைக் குடிக்க வேண்டும், இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். நான் குடிக்காமல் அவனிடம் நீட்டினேன். நாவலில் ஒரு படகோட்டியின் விரல் நடுக்கத்தைக்கூட விடாமல் எழுதியவன், கண்ணெதிரே நடந்ததைக் கவனிக்கவில்லை. நம் எழுத்தாளர்களின் லட்சணம் இவ்வளவுதான்.

“இன்னிக்கு என்னடா, இப்படிக் கசக்குது?”

“இலை புதுசு. குடி.”

“பட்டை போடுவியாடா?”

“கண்டிப்பா போடறேன்.”

சந்தோஷத்தில் இன்னொரு குடுவை கேட்டான். கொடுத்தேன்.

நான் வாக்குத் தவறவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே மிர்த்தாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே பட்டையைச் சுற்றினாள். இப்போது புத்தகம் சக்கைப்போடு போடுகிறது, மறுபதிப்புக்குப் போயிருக்கிறது. அவன் கேட்டது அதுதானே?

நீங்கள் பொறாமை என்று எழுதுகிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அபரீசியோ எந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்வான் என்று மிர்த்தாவைக் கேட்டுப் பாருங்கள். என் நாவலைத்தான். நான் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போதே, கூச்சமில்லாமல், ஒவ்வொரு வசந்தத்திலும். பட்டை வெயிலில் வெளுத்துப்போகும், ஒரு பயல் வாங்கமாட்டான், அடுத்த வருஷமும் அதையே சொல்வான். அந்த அளவுக்கு ரசனை கெட்டவன். அவனைப் பார்த்து நானா பொறாமைப்படுவேன்?