ரசத்துக்கு ஒத்துவராத ஒயின்

ரசத்துக்கு எந்த ஒயினும் ஒத்துவராது, சார். புளியும் மிளகும் சேர்ந்து ஒயினைக் காடித் தண்ணீர் ஆக்கிவிடும். குன்னூருக்கு வரும் விருந்தாளிகளிடம் இதை நான் நாலைந்து வருடமாகச் சொல்லி வருகிறேன். என் நாக்குக்கு அது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

டீ ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் டேஸ்டராக இருந்தேன். கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்ப வேண்டும். துப்பியே வீடு கட்டியவன் நான். ரிட்டையர் ஆன வருடம் கொரோனா வந்தது. போகும்போது என் வாசனையையும் ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. டீயையும் ரசத்தையும் இன்றுவரை நிறம் பார்த்துத்தான் பிரிக்கிறேன். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே வீட்டையே ஹோம்ஸ்டே ஆக்கி, நானே போட்ட பிளம்ஸ் ஒயினை நம் ஊர்ச் சமையலோடு பரிமாறி, பெரிய ரசனைக்காரன் என்று பெயர் வாங்கினேன்.

நாக்கு என் தங்கை புருஷனுடையது. வடிவேல், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பிளம்ஸ் எந்தச் சரிவில் காய்த்தது என்பதைக்கூட ஒரு வாய் குடித்துச் சொல்லிவிடுவார். அவர் சொல்வதை நான் கொஞ்சம் இஸ்திரி போட்டு விருந்தாளிகளிடம் சொல்வேன். எனக்கு நாக்கு செத்துப்போனது அவருக்கும் தெரியாது. மச்சான் தன்னைச் சோதிப்பதாக நினைத்துப் பெருமைப்பட்டார்.

அவர் என் ஒயினோடு நிற்கவில்லை. கடைச்சரக்கும் ஏறி, ஈரல் வீங்கியது. நான்கு மாதம் முன்பு என் தங்கை அம்சவேணி வந்தாள்.

"அண்ணா, ரசத்துல குடிய நிறுத்தற மாத்திரை கலந்து குடுக்கறனுங்க. அவருக்குத் தெரியாது, தெரிஞ்சா சோத்தையே தொடமாட்டாரு. அதுக்கு மேல துளி குடிச்சாலும் உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரு சொன்னாருங்க. உங்க ஊட்டுல மட்டும் குடுத்துராதீங்ண்ணா."

சரி என்றேன். நான்கு மாதம் அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வருவதாகச் சொன்னார்கள். அதில் ஒரு அம்மாள் பத்திரிகையில் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர். என்னிடம் இருந்தது யாரும் சுவைக்காத புது பீப்பாய். அது தேனா காடியா என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு பேரும் ஒன்றாக முகம் சுளிப்பதை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு பயம் எனக்கு வேறு எதற்கும் வந்ததில்லை, சார்.

சனிக்கிழமை மதியம் வடிவேலைக் கூப்பிட்டேன். "அம்சா கையால கொள்ளு ரசம் ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு வந்தனுங்க மச்சான்" என்றார். நான் முன்னெச்சரிக்கை இல்லாதவன் அல்ல. துப்புவதற்குப் பித்தளைப் படிக்கம் ஒன்றை அவர் பக்கத்திலேயே வைத்தேன். "ருசி பார்த்துட்டுத் துப்பிருங்க மாப்ளே" என்றும் சொன்னேன். முப்பது வருடமாக அவர் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு துளி துப்பியதைப் பார்த்ததில்லை.

முதல் கிளாஸ் பள்ளிபாளையம் சிக்கனோடு. இரண்டாவது அரிசிம்பருப்புச் சோற்றோடு. மூன்றாவதை ஊற்றும்போது அவர் முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. சட்டை வியர்த்து ஒட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

நான் அவர் கையைப் பிடித்து, "ரசத்துக்கு எப்படிங்க?" என்று கேட்டேன்.

பாவம், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்கமாட்டார். "கறிக்கு... நல்லாப் போகுதுங்க. ரசத்துக்கு வேண்டாம். கடைசில துளி கசக்குது." அப்படியே மேசைமேல் சாய்ந்தார். நோட்டில் எழுதிக்கொண்டேன். மூடி வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து அது எங்கள் மேட்டுக்கு ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது. வருவதற்குள் கிளாஸ்களைக் கழுவி வைத்தேன். மாப்பிள்ளை வரும்போதே எங்கோ குடித்துத் தள்ளாடி வந்தார் என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தகனம். ஒரு மணிக்கு விருந்து. பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள், திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை. "கடைசியில் லேசான கசப்பு, கவனியுங்கள்" என்றேன். அந்த அம்மாள் கண்ணை மூடித் தலையாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாத்திரை கலந்த தானே அவரைக் கொன்றுவிட்டதாக என் தங்கை உங்களிடம் அழுதுகொண்டிருக்கிறாள். அது தவறு. மாத்திரை அவர் வயிற்றில் இருப்பது தெரிந்தே மூன்று கிளாஸ் ஊற்றியவன் நான். அவளைக் காப்பாற்றத்தான் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சார்? அதற்கு முன் உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரியை மட்டும் திருத்துங்கள். 'எங்கோ வாங்கிய மட்டமான சாராயம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது பதினான்கு மாதம் ஊறிய ஒயின். குடித்தவரே நல்லாப் போகுது என்று சொல்லியிருக்கிறார். நோட்டில் தேதியோடு இருக்கிறது.