ஐஸ்பெட்டிக்குள் பஸ்ஸர்

— அதுக்குள்ள எடுத்துராதீங்க பெரியதம்பியண்ணே. அரை மணி நேரமாவது ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள கிடக்கட்டும். பேக்கரிக்காரர்ட்ட சொல்லித்தான் வச்சிருக்கேன்.

— இதுல இன்னா தெரியப்போவுது கிருபா? நேத்து இதச் செஞ்சு வித்த உங்க கம்பெனி வாசலாண்ட இதே பஸ்ஸரத்தான அமுக்கிக் காட்டுனாங்க? காதப் பொத்திக்கினு நின்னேன். ஒரு கோளாறும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.

— அது வெயில்ல அமுக்குனது. நீங்க வேலை பாக்குற மாம்பழக்கூழ் குடோன்ல உள்ள எவ்வளவு குளிரு?

— மைனஸ் பதினெட்டு.

— இந்த ஐஸ்பெட்டியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அன்னைக்கு என்ன நடந்துச்சு? முழுசாச் சொல்லுங்க.

— மத்தியானம். திம்மராயன் டிரம்ம நகர்த்தி வெக்க உள்ள போனான். கதவு மூடிக்கிச்சு. உள்பக்கத் தாழ் பனியில இறுகிப்போச்சு, அசையல. செவுத்துல இருந்த இந்தப் பஸ்ஸர அமுக்கியிருக்கான். நான் வெளிய பத்தடியில உக்காந்து லேபிள் ஒட்டிக்கினு இருந்தேன். ஒண்ணும் கேக்கல. நெசமாலும் கேக்கலம்மா.

— எப்பத் தொறந்தீங்க?

— முக்கா மணி நேரம் கழிச்சு. சோறு துன்னக் கூப்புடலாம்னு தேடிக்கினு போனேன். குளிர்ல செத்துப்போச்சுன்னு அவன் கையில ரெண்டு விரல எடுத்துட்டாங்க.

— ஆண்டவரே!

— பதினாறு வருசமா ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டவங்க நாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா மூஞ்சியத் திருப்பிக்கினான். "எனக்கு உள்ள கேட்டுச்சே, உனக்கு எப்படிடா கேக்காமப் போவும்?"னான். தெலுங்குல. கோவம் வந்தா அவனுக்குத் தமிழ் வராது. முதலாளி நான் தூங்கிட்டேன்னு எழுதிட்டாரு. எனக்கே சந்தேகம் வந்து கிருஷ்ணகிரியில காது டாக்டராண்ட போனேன். காது நல்லாக் கீதுன்னாரு. அதுக்கப்புறந்தான் தூக்கமே போச்சு.

— அப்படி நினைக்காதீங்க. டீ ஆறுது பாருங்க, குடிங்க... சரி, நேரமாச்சு. எடுக்கேன். சத்தம் அளக்குற மீட்டரை நீங்க பிடிங்க. சூடாகுறதுக்குள்ள அமுக்கணும்.

— இன்னா இது? கொசு கத்துற மாதிரி!

— மீட்டர்ல என்ன காட்டுது?

— அறுவத்தி ரெண்டு.

— வெயில்ல எம்பத்தெட்டு காட்டுச்சு. குளிர்ல உள்ள இருக்க தகடு விறைச்சிரும், பாத்துக்கிடுங்க. பேட்டரியும் தளந்துரும். உள்ள பக்கத்துல நின்ன திம்மராயண்ணனுக்குக் கேட்டிருக்கும். அம்புட்டுக் கனமான கதவைத் தாண்டி யார் காதுக்கும் வந்திருக்காது.

— அப்ப நான் தூங்கல.

— நீங்க தூங்கலண்ணே.

— இரும்மா... கண்ணத் தொடச்சிக்கறேன். இத திம்மராயனாண்ட காட்டணும். அவன் வூட்டாண்ட பெட்டிக்கடையில ஐஸ்பெட்டி கீது. இப்பவே கெளம்புறேன்.

— நானும் வாரேன்.

— வேப்பனப்பள்ளிக்கு ரெண்டு பஸ் மாறணும். கம்பெனிக்குத் தெரிஞ்சா உன் வேலைக்கே ஆபத்து. முன்ன பின்ன தெரியாதவனுக்கு இவ்ளோ செஞ்சதே பெருசும்மா.

— பெருசு இல்லண்ணே. இந்தப் பஸ்ஸரை மைனஸ் இருவதுல வச்சுப் பாத்தாச்சு, சத்தம் சரியா இருக்குன்னு பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நான்தான். எங்க கம்பெனியில ஐஸ்பெட்டியே கிடையாது.