நசுங்காத எலுமிச்சம்பழம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து முக்கொம்பு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு தம்பதி. கணவரின் மடியில், ரிமோட்டில் பாறை ஏறும் பொம்மை ஜீப்.

“எலுமிச்சம்பழம் நசுங்கலைன்னா அது வண்டி பூஜையே இல்லைங்க,” என்றார் மனைவி. என் காது தானாக நீண்டது.

“சக்கரத்துக்கு அடியில வச்சியே, அலுங்காம ஏறி இறங்கிடுச்சு பார்த்தியா? இன்னைக்குப் போட்டிக்கு ஸ்பிரிங் அவ்வளவு கச்சிதம்.”

“போன போட்டிக்கும் கச்சிதம்னுதான் சொன்னீங்க. முதல் பாறையிலேயே மல்லாந்துச்சு.”

“அப்ப ஸ்பிரிங் விறைப்பா இருந்துச்சு. இப்ப இளக்கி, ஷாக் அப்சார்பர்ல எண்ணெயும் மாத்திட்டேன். ஏய், தொடாதே! செட்டிங் கலைஞ்சிடும்.”

“தொடலைங்க. பழம் இன்னும் முழுசா வாசல்லயே கிடக்கு. எதிர்வீட்டுக்காரங்க பார்த்துச் சிரிக்கிறாங்க.”

ஜீயபுரம் தாண்டியது. கணவர் குரலைத் தாழ்த்தினார்.

“இறங்கினதும் ஒரு பழம் வாங்கிக்கலாமா?”

“எதுக்கு? அதான் ஏறி இறங்கிடுமே?”

“நான் அடியில வைக்கிறேன். நீ மேலேருந்து கையால ஒரு அழுத்து அழுத்திடு.”

“செட்டிங் கலையாதா?” என்று கேட்டபடியே, அந்த அம்மாள் வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டார்.